பதிவாகியிருக்கும் என்று நம்பி உறங்குவதற்கு முன்: செட்டாப் பாக்ஸ் ரெக்கார்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டம் சமனில் முடிந்து, அதற்குப் பின் வந்த சூப்பர் ஓவரும் சமனாகி, அடித்த பவுண்டரிகளின் எண்ணிக்கையை வைத்து வெற்றி முடிவு செய்யப்பட்டபோது, நம் ஊரில் நள்ளிரவு நெருங்கியிருந்தது. அதே நாளில், அதே லண்டனில், விம்பிள்டன் இறுதியில் ஜோகோவிச்சும் ஃபெடரரும் 4 மணி 57 நிமிடங்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் அலுவலகம் இருக்கிறதே என்று இரண்டையும் ரெக்கார்டிங்கில் போட்டுவிட்டுப் படுத்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவர்களில் நானும் ஒருவன். காலையில் எழுந்து பார்த்தபோது கிரிக்கெட் கடைசி ஓவர்களுக்கு முன்பே அறுந்திருந்தது. டென்னிஸ் பதிவாகவே இல்லை.

ரெக்கார்டரின் பெரிய குறை இதுதான்: தவறு நடந்ததை அது உரிய நேரத்தில் சொல்லாது. நாம் வீட்டில் இல்லாதபோதோ உறங்கும்போதோ வேலை செய்ய வேண்டிய கருவி என்பதால், அதில் நேரும் பிழைகள் அநேகமாக எல்லாமே நாம் முந்தைய நாளே செய்து வைத்தவையாக இருக்கும்.

கிரிக்கெட் அறுந்ததற்குக் காரணம், நிகழ்ச்சிப் பட்டியலில் போட்டிருந்த முடிவு நேரத்தை நான் அப்படியே நம்பியது. திரையில் தெரியும் அந்தப் பட்டியல் முன்கூட்டியே தயாரிக்கப்படுவது. ஆட்டம் நீண்டாலும், மழையால் தாமதமானாலும், பெரும்பாலான நேரங்களில் பட்டியல் மாறாது. மாறினாலும் நம் பெட்டி அதை உடனே எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே நேரலை எதுவானாலும் முடிவு நேரத்தோடு ஒரு மணி நேரமாவது கூட்டிப் போட வேண்டும். பெட்டியின் அமைப்புகளில் கூடுதல் நேரத்துக்கான வசதி இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லாவிட்டால், அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் பதிவில் போட்டுவிடுவதே எளிய வழி. விளம்பரமும் பேச்சரங்கமும் சேர்ந்து பதிவாகும் என்பது உண்மைதான்; கடைசி ஓவர் இல்லாத ஆட்டத்தை வைத்திருப்பதைவிட அது மேல். சீரியல்களுக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் போதும்.

டென்னிஸ் பதிவாகாமல் போனதற்குக் காரணம் வேறு. ஒரு பெட்டிக்குள் எத்தனை டியூனர்கள் இருக்கின்றன என்று பார்க்காமலே வாங்கிவிடுகிறோம். ஒரே டியூனர் உள்ள பெட்டியால் ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் பிடிக்க முடியும். இரண்டு பதிவுகள் மோதினால் ஒன்றைக் கைவிடும். அல்லது எதை வைத்துக்கொள்ளட்டும் என்று திரையில் கேட்கும், பதில் சொல்ல ஆள் இருக்காது. இரண்டு டியூனர் உள்ள பெட்டி வாங்கினாலும் பிரச்சினை தீர்ந்துவிடாது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஏற்கெனவே வரும் ஒற்றைக் கேபிளைச் சாதாரண ஸ்பிளிட்டர் கொண்டு இரண்டாகப் பிரித்துச் செருகினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரிவராது. பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் டிஷ்ஷின் முன்னால் பொருத்தியிருக்கும், அலைகளை வாங்கிக் கேபிளில் அனுப்பும் எல்என்பி என்ற சிறு கருவி ஒரு வகை அலைகளையும், 18 வோல்ட் அனுப்பினால் மற்றொரு வகை அலைகளையும் இறக்கித் தரும். ஒரே கம்பி வழியாக இரண்டு டியூனர்கள் இரண்டு விதமாகக் கேட்டால் ஒன்றின் சேனல் காணாமல் போகும். இரட்டை வெளியீடு உள்ள எல்என்பியும், அதிலிருந்து தனித்தனியே இரண்டு கேபிள்களும் தேவை. பெட்டியைப் பொருத்த வருபவரிடம் இதை முதல் நாளே கேட்டு வாங்குவது நல்லது, ஏனென்றால் அவர் மறுபடி ஏணி எடுத்துக்கொண்டு மாடி ஏறுவதற்குத் தனிக் கட்டணம் கேட்கக்கூடும்.

இவை இரண்டையும்விட, நம் வீடுகளில் அதிகமான பதிவுகளைக் கெடுப்பது சுவர் ஸ்விட்ச். படுக்கப் போகும் முன் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துவிட்டு வருவதை ஒரு கடமையாகவே செய்து பழகிய தலைமுறை நம்முடன் இருக்கிறது. மின்சாரம் மிச்சமாகும், இடி மின்னலுக்குப் பாதுகாப்பு என்று அவர்கள் சொல்லும் காரணங்களும் நியாயமானவை. ஆனால் ரெக்கார்டருக்கு அணைப்பு இரண்டு வகை. ரிமோட்டில் அணைத்தால் பெட்டி ஸ்டாண்ட்பையில் இருக்கும், குறித்த நேரத்தில் தானே விழித்துப் பதிவு செய்யும். சுவரில் அணைத்தால் அதற்கு நேரமும் தெரியாது, பதிவும் நடக்காது. எங்கள் வீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த அத்தை ஒரு வாரம் முழுக்கத் தவறாமல் இதைச் செய்தார். டிவிக்கும் பெட்டிக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணைப்பு இருந்ததால் அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை. பிறகு பெட்டியைத் தனி பிளக்கில் மாற்றி, அந்த ஸ்விட்சின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினோம். அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

மின்வெட்டுக்கும் இதே கணக்குதான். பல வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் இன்வெர்ட்டரில் இருக்கும், டிவி மாட்டிய சுவர் இருக்காது. செட்டாப் பாக்ஸ் இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் அதை மட்டும் இன்வெர்ட்டர் இணைப்புக்குக் கொண்டுவருவது பேட்டரிக்குப் பெரிய சுமையாகாது. இன்வெர்ட்டரில் யுபிஎஸ் முறை என்ற தேர்வு இருந்தால் அதில் வைக்க வேண்டும். மற்ற முறையில் மின்சாரம் போய் பேட்டரி எடுத்துக்கொள்ளும் அந்தக் கண நேர இடைவெளியிலேயே பெட்டி அணைந்து மறுபடி எழும். எழுந்து, சிக்னலைப் பிடித்து, மீண்டும் பதிவைத் தொடங்குவதற்குள் சில நிமிடங்கள் போய்விடும்.

மழைக்கு மட்டும் மருந்து இல்லை. டிடிஎச் சேவைகள் பயன்படுத்தும், கேயு பேண்ட் எனப்படும் உயர் அதிர்வெண் அலைகளைக் கனமழை உறிஞ்சிவிடும்; பதிவில் அந்த நேரம் கட்டம் கட்டமாக உடைந்தோ வெறுமையாகவோ இருக்கும். ஐப்பசி தொடங்கும் முன் டிஷ்ஷின் திசையும் கேபிள் முனைகளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, சிக்னல் அளவைக் கூட்டி வைத்துக்கொண்டால் தூறலுக்காவது தாங்கும்.

அடுத்தது இடம். 32 ஜிபி பென் டிரைவைச் செருகிவிட்டு ஒரு மாத சீரியலை எதிர்பார்ப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எச்டி சேனல் ஒன்று விநாடிக்கு 8 மெகாபிட் வீதம் வந்தால், அது விநாடிக்கு 1 மெகாபைட், மணிக்கு 3.6 ஜிபி. அந்தப் பென் டிரைவில் எட்டு மணி நேரம்தான் கொள்ளும். சேனலுக்குச் சேனல் இந்த வேகம் மாறும் என்றாலும் கணக்கு பெரிதாகப் பிசகாது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்றால் ஏறத்தாழ 130 மணி நேரம் கிடைக்கும். பென் டிரைவுகள் இந்த வேலைக்குச் செய்யப்பட்டவையும் அல்ல. நேரலையை நிறுத்திப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி இயங்கும்போது பெட்டி இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருப்பதால், அவை சூடேறி விரைவில் பழுதாகின்றன. வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினால் பெட்டியின் யுஎஸ்பி துளை தரும் மின்சாரம் அதற்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். போதாவிட்டால் டிஸ்க் சுழலத் தொடங்கி, கிளிக் கிளிக் என்று ஒலித்து, நின்றுவிடும். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்கில் இந்தத் தொல்லை இல்லை.

ஹார்ட் டிஸ்க்கைச் செருகியவுடன் திரையில் ஒரு கேள்வி வரும்: ஃபார்மேட் செய்யவா? அதற்குச் சரி என்று அழுத்தும் முன் ஒரு கணம் நிற்க வேண்டும். குடும்பப் படங்கள் வைத்திருக்கும் டிஸ்க்கையே இதற்கும் பயன்படுத்தலாம் என்று நினைத்து, கல்யாண ஆல்பத்தை ஒரே அழுத்தலில் இழந்தவரை எனக்குத் தெரியும். ரெக்கார்டருக்கென்று தனி டிஸ்க் ஒன்றை ஒதுக்கிவிடுவதே முறை. அதேபோல், பல பெட்டிகள் தமக்கே உரிய அமைப்பில் எழுதுவதால், அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகினால் அங்கும் அதே கேள்வி வரும். சரி என்றால் பதிவுகள் போய்விடும்.

ரீசார்ஜ் விஷயத்தில் ஒரு சொல். 2019 பிப்ரவரியிலிருந்து சேனல்களையும் தொகுப்புகளையும் நாமே தேர்ந்தெடுக்கும் முறை வந்த பிறகு, பேக்கை மாற்றும்போது ஏதாவது ஒரு சேனல் சத்தமில்லாமல் விடுபட்டுப் போவது உண்டு. பட்டியலில் அந்தச் சேனல் தெரியும், பதிவையும் ஏற்றுக்கொள்ளும், பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. பெயரும் எண்ணும் மாறும்போதும் பழைய பதிவு உத்தரவுகளைச் சரிபார்க்க வேண்டும். பொதிகை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது போன்ற மாற்றங்கள் அவ்வப்போது வருகின்றன. சந்தா தீர்ந்த நிலையில், முன்பே எடுத்து வைத்த பதிவுகளைக்கூடப் பல பெட்டிகள் திறக்க விடுவதில்லை.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பதிவு செய்தது நம்முடையது என்ற எண்ணம் விசிஆர் காலத்து மிச்சம். கேசட்டை எந்த வீட்டுக் கருவியிலும் போட்டுப் பார்க்கலாம். இந்தப் பதிவுகள் பூட்டப்பட்டவை, சாவி அந்த ஒரு பெட்டியிடம் மட்டுமே இருக்கும். சொந்தப் பயன்பாட்டுக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வதை 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பதிவு எந்தப் பெட்டிக்கும் ஒத்துழைக்க வேண்டும் என்று அது நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. என் தந்தை நான்கு மார்கழிகளின் கச்சேரிகளைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் பெட்டி பழுதாகி, வந்தவர் அரை மணி நேரத்தில் புதியதை மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு போனார். புதிய பெட்டி அந்த ஹார்ட் டிஸ்க்கை அறியாதது போல் ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது.

ஆகவே பெட்டி தடுமாறத் தொடங்கியதுமே, புகார் கொடுப்பதற்கு முன்பு, வேண்டிய பதிவுகளைப் பார்த்து முடித்துவிட வேண்டும். மாற்றுப் பெட்டி வரும் நாளில், பழையதைப் பழுது நீக்கித் திருப்பித் தர முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும்; வாடகைப் பெட்டியானால் அதற்கு வாய்ப்புக் குறைவு. பெட்டி போனபின் மிஞ்சும் டிஸ்க்கைப் புதிதாக ஃபார்மேட் செய்து மீண்டும் பயன்படுத்தலாம், அதில் தடையேதும் இல்லை. எங்கள் வீட்டில் மட்டும் அப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை. ராகம், தேதி, பாடியவர் என்று அவர் கைப்பட எழுதிய பட்டியலை ரப்பர் பேண்டில் சுற்றிக்கொண்டு, அந்த டிஸ்க் பீரோவில் இருக்கிறது.