ஒரு சக்கரம் சுற்றுது, இன்னொன்று சும்மா நிற்குது: டிஃபரன்ஷியலும் சஸ்பென்ஷனும்

மாம்பழ சீசனில் ஒரு நாள், காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு தோப்பில் எங்கள் குட்டி யானை மாட்டிக்கொண்டது. முந்தின ராத்திரி மழை. பின்பக்க இடது சக்கரம் சேற்றில் விர்ரென்று சுற்றுகிறது. வலது சக்கரமோ காய்ந்த கெட்டி மண்ணில் அசையாமல் நிற்கிறது. மச்சான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இடது பக்கம் பள்ளம்தான் ஆழமானது. "ரெண்டு சக்கரத்துக்கும்தானே இன்ஜின் ஓடுது? நல்ல தரையில இருக்கிறது ஏன் மாப்ள சும்மா நிக்குது?" என்றான்.

அன்று பதில் சொல்லவில்லை, வண்டியைத் தள்ளுவதே பெரும்பாடாக இருந்தது. இப்போது சொல்கிறேன். காரணம் டிஃபரன்ஷியல், அதாவது இன்ஜின் விசையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரக் கூட்டம். வண்டி பற்றி எதுவும் தெரியாதவர்களும் பின்தொடரலாம். ஒரு பூரிக்கட்டையும் ஸ்கேலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள்

மாட்டு வண்டியில் அச்சு சுற்றாது. கடையாணிக்கு உள்ளே இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றும். வண்டியைத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் போகும். ஒன்றைப் பற்றி மற்றொன்றுக்குக் கவலை இல்லை. இழுப்பது மாடு, சக்கரத்துக்கு உருள்வது மட்டும்தான் வேலை.

மோட்டார் வண்டியில் சக்கரமே வண்டியைத் தள்ள வேண்டும். அதற்கு அச்சைச் சுற்றவிட வேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஒரே கம்பியில் இறுக்கிவிட்டால்? நேர் ரோட்டில் பிரச்சினை இல்லை. வத்தல்மலை ஏறும்போது வரும் கொண்டை ஊசி வளைவில் தெரியும்.

படி 2: ஒரு சின்னக் கணக்கு

ஒரு சாதாரண காரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 1.4 மீட்டர் என்று வையுங்கள். அப்படியே திரும்பி எதிர்த்திசை பார்க்கும் முழு வளைவில், வெளிச் சக்கரம் கூடுதலாகப் போகும் தூரம் 3.14 × 1.4, அதாவது 4.4 மீட்டர். டயர் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர் ஓடினால், வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட இரண்டே கால் சுற்றுக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுற்றியாக வேண்டும். எனக்கு இதில் பிடித்த விஷயம், வளைவு சின்னதோ பெரியதோ இந்த 4.4 மீட்டர் மாறவே மாறாது. நம்பவில்லை என்றால் பேப்பரில் இரண்டு அரைவட்டம் போட்டுப் பாருங்கள்.

ஒரே கம்பியில் இறுக்கியிருந்தால் அந்த வித்தியாசத்தை டயர் தேய்ந்துதான் ஈடுகட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆக்சில், அதாவது அந்த அச்சு, முறுக்கிக்கொள்ளும்.

படி 3: பூரிக்கட்டை

கட்டையை மேசை மேல் வையுங்கள். அதன் முதுகில் ஸ்கேலை நீளவாக்கில், உருளும் திசையைப் பார்த்து லேசாகப் படிய வையுங்கள். இப்போது கட்டையை 5 சென்டிமீட்டர் உருட்டுங்கள். ஸ்கேல் எவ்வளவு நகர்ந்தது? 10 சென்டிமீட்டர்.

கீழே மேசை அசையவில்லை, கட்டையின் நடு 5 போனது, மேலே ஸ்கேல் 10 போனது. பூஜ்ஜியத்துக்கும் பத்துக்கும் சராசரி ஐந்து. டிஃபரன்ஷியலின் மொத்த ரகசியமும் இந்தச் சராசரிதான். மேசை ஒரு சக்கரம், ஸ்கேல் இன்னொரு சக்கரம், கட்டையின் கைப்பிடியை நகர்த்துவது இன்ஜின்.

படி 4: உள்ளே என்ன இருக்கிறது

பின் ஆக்சிலின் நடுவில் குடம் மாதிரி புடைத்திருக்கும் ஹவுசிங்குக்குள் எட்டிப் பார்ப்போம். கியர்பாக்ஸிலிருந்து வரும் நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்டின் நுனியில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம். அது கிரவுன் வீல் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். பினியனுக்கு 9 பல், கிரவுனுக்கு 37 பல் என்றால், பினியன் நாலு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று. வேகம் குறைகிறது, இழுவை கூடுகிறது.

கிரவுனோடு சேர்த்து போல்ட் போட்ட ஒரு கூடு. கூட்டுக்குள் குறுக்கே ஒரு பின், அதில் ஸ்டார் பினியன்கள். இவைதான் நம் பூரிக்கட்டை. இவற்றின் இரு பக்கமும் பல் கடித்து இரண்டு சன் கியர். ஒவ்வொரு சன் கியரிலிருந்தும் ஒரு ஆக்சில் ஷாஃப்ட் அதனதன் சக்கரத்துக்குப் போகிறது.

நேராகப் போகும்போது ஸ்டார் பினியன் தன் பின்னில் சுற்றவே சுற்றாது. வெறும் ஆப்பு மாதிரி இரு பக்கத்தையும் சேர்த்துத் தள்ளும். வளைவில்தான் மெல்ல உருளும். கிரவுன் 100 சுற்று சுற்றும்போது உள் சக்கரம் 90 என்றால் வெளிச் சக்கரம் 110. இந்த ஏற்பாட்டை ஒனிசிஃபோர் பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் 1820களின் கடைசியிலேயே நீராவி வண்டிக்காக யோசித்துவிட்டார், பெட்ரோல் கார் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால்.

படி 5: கையால் தொட்டுப் பார்க்க

பின் சக்கரம் இழுக்கும் வண்டியாக இருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்துங்கள். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின் ஆக்சிலைத் தூக்கி இரு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பவே வேண்டாம். இன்ஜின் ஆஃப், வண்டி கியரில், ஹேண்ட் பிரேக் எடுத்துவிட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றும். கிரவுன் நிற்கிறது, அதாவது சராசரி பூஜ்ஜியம். ஒன்று முன்னே போனால் மற்றது பின்னே போகத்தானே வேண்டும்!

சரி, இப்போது மச்சான் கேள்விக்கு வருவோம். ஸ்டார் பினியன் தராசின் நடு மாதிரி, இரு பக்கமும் ஒரே அளவு விசைதான் கொடுக்கும். சேற்றில் இருக்கும் சக்கரத்தைச் சுற்ற அதிக விசை தேவையில்லை. அதனால் கெட்டி மண்ணில் இருக்கும் சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான் கிடைக்கிறது. அது வண்டியை நகர்த்தப் போதாது. சராசரிக் கணக்குப்படி, நிற்கிற சக்கரத்தின் பங்கையும் சேர்த்துச் சுற்றுகிற சக்கரம் இரட்டை வேகத்தில் சுற்றும்.

அன்று டிராக்டர்காரர் வந்து பார்த்துவிட்டு, "காலை எடுங்கண்ணா, கெணறு வெட்டிட்டு இருக்கீங்க" என்றார். ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று பல் மட்டும் இழுத்துவிட்டு, மெதுவாக கிளட்ச் விடச் சொன்னார். சுற்றுகிற சக்கரத்துக்கு எதிர்ப்பு கூடியது, அதே அளவு விசை மற்ற பக்கத்துக்கும் போனது. வண்டி முனகிக்கொண்டே மேலே வந்தது. ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிக்கிற, பின் சக்கரமே இழுக்கிற வண்டியில்தான் இது எடுபடும். அவருடைய டிராக்டரில் இதற்கென்றே டிஃபரன்ஷியல் லாக் பெடல் உண்டு. மிதித்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகிவிடும். மிதித்தபடி வண்டியைத் திருப்பக் கூடாது, ஏன் என்று படி 2 சொல்லும்.

படி 6: சஸ்பென்ஷன், இரண்டு வேலை இரண்டு ஆள்

டிஃபரன்ஷியல் சக்கரங்களுக்கு வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கிறது. வெவ்வேறு உயரத்தில் போக இடம் கொடுப்பது சஸ்பென்ஷன்.

பலர் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ஸ்பிரிங் அதிர்ச்சியை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடும். தனியாக விட்டால் வண்டி ஊஞ்சல் ஆடும். ஷாக் உள்ளே ஒரு பிஸ்டன் எண்ணெயைச் சின்ன ஓட்டைகள் வழியாகப் பிதுக்கித் தள்ளும். ஆட்டம் அங்கே வெப்பமாகிப் போய்விடும். நீண்ட கரடுமுரடு ரோட்டில் ஓட்டிய பின் ஷாக்கைத் தொட்டால் சூடாக இருப்பது இதனால்தான்.

லோடு வண்டியில் பட்டை ஸ்பிரிங். மெயின் பட்டையின் முன் கண், அதாவது முன் நுனி வளையம், சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தில் நிலையாக இருக்கும், பின் கண் மட்டும் ஷேக்கிள் என்கிற ஆடும் இணைப்பில் தொங்கும். லோடு ஏறி வளைவு நிமிர்ந்தால் பட்டை நீளும், அந்த நீளத்துக்கு ஆட இடம் வேண்டும். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று உரசுவதும் ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கும். பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டி மெத்து மெத்தென்று போவதும், காலியாகத் திரும்பும்போது இடுப்பு உடைவதும் பட்டை லோடுக்காகவே விறைப்பாகச் செய்யப்பட்டதால்.

காராக இருந்தால் ஒரு மூலையை அழுத்திவிட்டுப் பாருங்கள். மேலே வந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால், அல்லது ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்திருந்தால் மாற்றும் நேரம்.

படி 7: இரண்டும் சந்திக்கும் இடம்

பட்டை மேலும் கீழும் ஆடும்போது, அதில் யூ போல்ட் போட்டுக் கட்டிய ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் சேர்ந்தே ஆடும். கியர்பாக்ஸோ சேசிஸில் அசையாமல் இருக்கிறது. அதனால்தான் புரொப்பெல்லர் ஷாஃப்டில் மடங்க யூ ஜாயின்ட் கிராஸும், நீளம் கூடிக் குறைய ஸ்லிப் ஜாயின்ட்டும் வைக்கிறார்கள். கியர் போட்டு கிளட்ச் விடும்போது "டொக்" என்று கேட்டால் முதலில் அந்தக் கிராஸைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். வேகத்தில் ஊளைச் சத்தம் வந்தால் கிரவுனைச் சந்தேகியுங்கள். ஹவுசிங்கில் ஆயில் அளவையும் பாருங்கள். எங்கள் வண்டியில் ஆயில் ஊற்றும் துளையை மூடும் ஃபில்லர் நட் துருப்பிடித்து இறுகி, ஸ்பேனருக்கு மேல் பைப் போட்டு மச்சான் தொங்கிய பிறகுதான் கழன்றது.