மும்பையில் பத்மினியின் சஸ்பென்ஷனைத் துருவிலிருந்து காப்பது எப்படி?

மும்பையின் கடைசி காளி-பீலி (கறுப்பு-மஞ்சள்) பிரீமியர் பத்மினி டாக்ஸி 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்டிஓ-வில் பதிவானது. டாக்ஸிகளுக்கு 20 வருடம்தான் வரம்பு என்பதால் 2023 அக்டோபரோடு அதுவும் சாலையை விட்டு இறங்கிவிட்டது. குர்லாவில் தயாரான இந்த வண்டிகளில் இனி நாம் பார்க்கப்போவது வீடுகளில் வைத்திருப்பவற்றை மட்டும்தான். அப்பா வாங்கிய பத்மினியை விற்க மனமில்லாமல் கட்டடத்துக்குக் கீழே உறை போட்டு மூடிவைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்னும் இருக்கின்றன. அந்த வண்டியைப் புதுப்பிக்க இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயிண்டுக்கும் குரோமுக்கும் காசைக் கொட்டிவிட்டு, வண்டியின் மொத்த எடையையும் தாங்கும் சஸ்பென்ஷனுக்குக் கறுப்பு பெயிண்ட் ஒரு கோட் அடித்து முடித்துவிடுகிறார்கள். இரண்டு மழைக்காலம் போனால் அந்தக் கறுப்பு கொப்பளித்து உதிரும்.

காரணம் உப்பு. கடல்காற்றில் வரும் உப்பு துருவின் குழிகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியாது, கம்பி பிரஷ்ஷுக்கும் எட்டாது. காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும், மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அடியில் துரு வளரும். ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மேல்பக்கத்தை மழையாவது கழுவிவிடுகிறது. அடிப்பக்கத்தில் படிந்த உப்பு படிந்தபடியே கிடக்கிறது. அதனால் கீழே சொல்லப்போகும் வேலைகளில் எதைக் குறைத்தாலும் கழுவும் வேலையை மட்டும் குறைக்காதீர்கள்.

எப்போது ஆரம்பிப்பது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜூன் இரண்டாவது வாரம் மழை வந்துவிடும், அதற்கு முன்பே மே மாதத்திலும் காற்று ஈரமாகத்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கக்கூடாது. இரும்பின் வெப்பநிலை, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும். இரண்டையும் காட்டும் சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. ஜூலையில் அதைப் பார்த்தாலே வேலையைத் தள்ளிப்போட வேண்டும் என்று புரிந்துவிடும்.

படி 1: கழற்றுவது

பத்மினியின் முன்பக்கத்தில் இரண்டு பக்கமும் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல் விஷ்போன், கீழ் விஷ்போன், காயில் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், இடது வலது பக்கங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பார். பின்னால் ஆக்ஸிலைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங். கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பது ஒரு வாரத்தில் மறந்துபோகும். இடது, வலது என்று எழுதிய சீட்டைக் கம்பியில் கோத்து ஒவ்வொரு பாகத்திலும் கட்டுங்கள். ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) இருந்தால் அந்தந்த இடத்தின் பேர் எழுதிய கவரில் போடுங்கள், அலைன்மென்ட் அவற்றை நம்பித்தான் இருக்கிறது.

காயில் ஸ்பிரிங்கை மட்டும் தனியாக வீட்டில் கழற்ற வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. சரியான கம்ப்ரஸர் வைத்திருக்கும், பழைய ஃபியட்டில் (பத்மினி ஃபியட் வடிவமைப்பில் வந்ததுதான்) கைபழகிய மெக்கானிக்கிடம் அந்த வேலையைக் கொடுங்கள். வண்டிக்கு அடியில் போகும்போது ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள்.

படி 2: கழுவுவது

துருவைத் தேய்ப்பதற்கு முன்பே கழுவ வேண்டும். கிரீஸோடும் உப்போடும் தேய்த்தால் இரண்டையும் இரும்புக்குள் அழுத்தி ஏற்றிவிடுவோம். முதலில் கெட்டிக் கிரீஸை மரச்சட்டத்தால் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேயுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், மூடிய கராஜில் ஒரு சின்னப் பொறி போதும். அப்புறம் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் நன்றாகத் தேய்த்து, நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒன்றிரண்டு கேன் வாங்கினால் போதும். உடனே ஹாட் ஏர் கன்னாலோ வெயிலிலோ காயவையுங்கள்.

படி 3: துருவை எடுப்பது

இங்கே எல்லாப் பாகத்துக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

விஷ்போன், பிராக்கெட், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம் போன்றவற்றுக்கு, அழுத்தக் காற்றில் துகள்களைப் பீய்ச்சித் துருவை உதிர்க்கும் பிளாஸ்டிங்தான் சிறந்தது. ‘சாண்ட் பிளாஸ்டிங்’ என்று போர்டு இருந்தாலும் கார்னெட்டோ அலுமினியம் ஆக்சைடோ போடச் சொல்லுங்கள். ஆற்று மணலின் தூசி நுரையீரலில் சிலிகோஸிஸ் நோயைக் கொண்டுவரும், அதை அடிக்கிற தொழிலாளி வருடக்கணக்காக மூச்சில் இழுக்கிறார். கொடுப்பதற்கு முன் புஷ்களை (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளைகளை) கழற்றிவிட்டு, புஷ் உட்காரும் துளைகளையும் மரைகளையும் தடித்த டேப்பாலோ ரப்பர் அடைப்பாலோ மூடுங்கள். அளவாகக் கடைந்த துளையை பிளாஸ்டிங் கொஞ்சம் தின்றாலும் புதிய புஷ் இறுகி உட்காராது.

ஸ்பிரிங்குகளை ஆசிடில் போடாதீர்கள். ‘ஒரு மணி நேரத்தில் வெள்ளையாகிவிடும்’ என்று சில பட்டறைகளில் ஆசை காட்டுவார்கள். வெள்ளையாகத்தான் ஆகும். ஆனால் ஆசிட் இரும்பைத் தின்னும்போது வரும் ஹைட்ரஜன், ஸ்பிரிங்குக்குப் பயன்படும் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். வெளியில் எந்த அடையாளமும் இருக்காது, ஓடும்போது திடீரென்று முறியும். வாஷிங் சோடாவில் பேட்டரி சார்ஜரை இணைத்துச் செய்யும் எலக்ட்ரோலிஸிஸுக்கும், கறுப்பான பழைய ஸ்பிரிங்கை ஜிங்க் பிளேட்டிங் கொடுப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஸ்பிரிங்குக்குக் கம்பி பிரஷ், உப்புத்தாள், மெல்லிய பிளாஸ்டிங் மட்டும் போதும்.

சுத்தமானதும் நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கில் நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால், அந்தக் குழியில்தான் விரிசல் ஆரம்பிக்கும். கிரைண்டரால் மட்டமாக்க நினைக்காமல் மாற்றிவிடுங்கள். விஷ்போனில் வெல்டிங் ஓரங்களைச் சுத்தியலால் தட்டினால் மந்தமான ஓசை வரும் இடம் மெலிந்திருக்கலாம். அதையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிளாஸ்டிங் முடிந்த பாகத்தை ஓர் இரவு உலர்ந்த அறையில் விட்டுப் பாருங்கள். காலையில் குழிகளில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் திரும்ப வந்திருந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். திரும்பக் கழுவி, காயவைத்து, லேசாக மறுபடி பிளாஸ்ட் செய்ய வேண்டும். அலுப்பான வேலைதான். இந்த ஊரில் இதைச் செய்த வண்டிக்கும் செய்யாத வண்டிக்கும் உள்ள வித்தியாசம் சில வருடங்களில் அப்பட்டமாகத் தெரியும்.

படி 4: பிரைமர்

உப்புச் சோதனை முடிந்து, கடைசியாக லேசாக பிளாஸ்ட் செய்த அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வையும் உப்புதான். இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி பிரைமரை வாங்குங்கள். ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவு, எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஆனால் அது ஈரத்தை முழுக்கத் தடுக்காது. ஜன்னல் கம்பிக்கு அது போதும், சஸ்பென்ஷனுக்குப் போதாது.

பிரஷ்ஷோ பிளாஸ்டிங்கோ எட்டாத மடிப்புகளில் மட்டும் பாஸ்ஃபாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டரைத் தடவலாம், ஸ்பிரிங்குகளைத் தவிர்த்து. கூர்மையான ஓரங்களிலும் வெல்டிங் கோடுகளிலும் பெயிண்ட் மெலிந்து நிற்கும். அதனால் ஸ்பிரே அடிப்பதற்கு முன் அந்த இடங்களுக்கு பிரஷ்ஷால் ஒரு கை தனியாகப் பூசிவிடுங்கள்.

படி 5: மேல் பூச்சு

பவுடர் கோட்டிங் பளபளவென்று இருக்கும், ஆசை வரும். 180 முதல் 200 டிகிரி வரை ஓவனில் வேகும் பூச்சு அது, ரப்பரோ பால் ஜாயிண்ட்டோ உள்ளே இருந்தால் போச்சு. எனக்கு அதில் உள்ள குறை வேறு. கல் தெறித்து ஓர் இடம் உடைந்தால் ஈரம் அதற்கு அடியில் ஊர்ந்து போகும், வெளியே தெரியாது. எபாக்ஸிக்கு மேல் இரண்டு டப்பாவாக வரும் பாலியூரிதேன் சேஸிஸ் கறுப்பு அடித்தால், உடைந்த இடத்தை நாமே தொட்டுச் சரிசெய்யலாம். அந்தப் பெயிண்டில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது, சரியான ரெஸ்பிரேட்டர் இல்லாவிட்டால் பெயிண்ட் கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகளைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யுங்கள். பட்டைகள் உரசும் முகத்தில் தடிமனாகப் பெயிண்ட் வேண்டாம், அது உரிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கும். மெல்லிய பிரைமருக்கு மேல் கிராஃபைட் கிரீஸ் போதும்.

படி 6: மாட்டுவது

போல்ட்டுகளைப் புதிதாக வாங்குங்கள். துரு பிடிக்காதே என்று எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போடுபவர்கள் உண்டு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம், கிரேடு 8.8 இரும்பு போல்ட்டைவிட வலு குறைந்தது. சஸ்பென்ஷனில் அந்தச் சமரசம் கூடாது. ஜிங்க் பூசிய 8.8 போடுங்கள், பழைய போல்ட்டின் தலையில் அதைவிட உயர்ந்த எண் இருந்தால் அதே கிரேடு. பின்பக்க யூ-போல்ட்டும் புதிதாகவே இருக்கட்டும்.

போல்ட் இறுகும் முகங்களில் பெயிண்ட் தடிமனாக இருந்தால் அது நசுங்கி இறுக்கம் தளரும், அங்கே சுரண்டி மெல்லியதாக்குங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் இறுக்கி, வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நின்ற பிறகு முழுதாக இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பேனர் உரசி உரிந்த இடங்களையெல்லாம் அன்றே பிரஷ்ஷால் தொட்டுவிடுங்கள். பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள், அது பெயிண்டைக் கரைத்துவிடும்.

கடைசியாக, உள்ளீடான பாகங்களுக்குள்ளும் மரைகளின் மேலும் கேவிட்டி வேக்ஸ் (துருவைத் தடுக்கும் மெழுகு) அடியுங்கள். தண்ணீர் வடியும் துளைகளை அது அடைத்துவிடாமல் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். பிரேக் டிரம்மின் மேல் பட்டுவிடக்கூடாது.

அதன்பிறகு மே மாதக் கடைசியில் வேக்ஸ் தேய்ந்த இடத்தில் மறுபடி அடிப்பது, மழை முடிந்ததும் அக்டோபரில் அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுவது, கிரீஸ் நிப்பிள்களில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதியது ஏற்றுவது. மரீன் டிரைவில் அலை சாலைக்கு மேல் தெறிக்கும் நாளில் வண்டியை எடுத்துப் போனால் அக்டோபர் வரை காத்திருக்காமல் அன்று மாலையே ஹோஸைப் பிடித்து அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.