கண்ணாடிக்குள் இருக்கும் பிளைண்ட்ஸைக் கையாள்வது எப்படி?

மருத்துவமனைப் பராமரிப்பில் இருக்கிறேன். ஐசியூ கதவுகளுக்கு இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே அடைத்த பிளைண்ட்ஸைத்தான் (பட்டைத் திரை) கேட்டு வாங்குவேன். துணித் திரை தூசியையும் கிருமியையும் பிடித்து வைக்கும். இதில் கண்ணாடியைத் துடைத்தால் போதும். கைப்பிடி செவிலியர் நிற்கும் பக்கம் வரும்படி ஆர்டர் கொடுங்கள். ராத்திரியில் கதவைத் திறக்காமலே நோயாளியைப் பார்க்க முடியும்.

பல மாடல்களில் வெளிக் கைப்பிடியில் ஒரு காந்தம், உள்ளே ஒரு காந்தம். அதனால் மெதுவாக நகர்த்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பிடி விட்டுப்போகும். கைப்பிடி வரும், பட்டைகள் வராது. பயப்படாதீர்கள். உள்காந்தம் நிற்கும் இடத்துக்குக் கைப்பிடியை மெல்லக் கொண்டுபோனால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிளைண்ட்ஸை மேலே ஏற்றுவதற்கு முன் பட்டைகளைக் கிடைமட்டமாகத் திருப்பிவிடுங்கள்.

துடைக்கும்போது கிருமிநாசினியைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடி ஓரத்தில் வழியவிடாதீர்கள். அந்த ஓரத்து சீல்தான் இதற்கு உயிர். இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆவி படிந்து நின்றால் சீல் போய்விட்டது, ஈரம் உறிஞ்சும் குருணையும் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். துளை போட்டுக் காயவைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். யூனிட்டை முழுதாக மாற்றத்தான் வேண்டும். அதற்காகவே அகலம், உயரம், மொத்தத் தடிமன் மூன்றையும் பொருத்தும் நாளிலேயே குறித்து வையுங்கள்.