தொப்புள்கொடியிலிருந்து ஸ்டெம் செல் வளர்க்க, முதலில் துண்டுகள் ஒட்ட வேண்டும்

எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பாக மாறக்கூடிய மெசென்கைமல் ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்க்கப் பழகுகிறவர்களுக்கு எலும்பு மஜ்ஜையைவிடத் தொப்புள்கொடிதான் நல்லது என்பேன். பிரசவம் முடிந்ததும் எறியப்போகிற பொருள், எடுப்பதில் யாருக்கும் வலியில்லை. ஆனாலும் தாயின் எழுத்துபூர்வ ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வராமல் கொடியைத் தொடாதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் கலந்த பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் கொடியைப் போட்டு 4 டிகிரி குளிரில் கொண்டுவந்து, 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடுங்கள். கிருமி புகாத வேலைப் பெட்டியான பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் ரத்தம் போகும்வரை கழுவி, நீளவாக்கில் பிளந்தால் இரண்டு தமனியும் ஒரு சிரையும் தெரியும். மூன்றையும் உரித்தெடுத்தபின் மிஞ்சும் வழவழப்பான வெள்ளைச் சதைதான் வார்ட்டன் ஜெல்லி. அதை 1-2 மி.மீ. துண்டுகளாக நறுக்கி, டிஷ்ஷில் இடைவெளி விட்டு வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வைத்த கையோடு மீடியத்தை (செல்லுக்கு உணவாகும் திரவம்) ஊற்றினால் துண்டுகள் மிதந்துவிடும், மிதக்கிற துண்டை நம்பிப் பயனில்லை. மூடிபோட்டு 15, 20 நிமிடம் விட்டு, நன்றாக ஒட்டிய பிறகு, 10% ஃபீட்டல் போவைன் சீரம் (கன்றுக் கருவின் ரத்தச் சீரம்) சேர்த்த மீடியத்தை ஓரமாக, துண்டு நனைகிற அளவுக்கு மட்டும், சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு இன்குபேட்டரில் 37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு. அப்புறம் மூன்று நாள் டிஷ்ஷை அசைக்கவே வேண்டாம், ஆசை தாங்காமல் தினமும் மைக்ரோஸ்கோப்புக்கு எடுத்துப்போனால் ஒட்டியதும் பெயர்ந்துவிடும்.

ஒரு வாரம், சில கொடிகளில் பத்து நாள் ஆனபின், துண்டின் விளிம்பிலிருந்து கதிர் போல நீண்ட செல்கள் வெளியே வரும். டிஷ் 70-80% நிரம்பியதும் டிரிப்சின் என்ற நொதி போட்டுப் பிரித்து, சதுர செ.மீ.க்கு 3,000-5,000 செல் வீதம் புதிய ஃபிளாஸ்கில் விடுங்கள். டிரிப்சின் 3-5 நிமிடம் போதும், செல்கள் உருண்டதும் சீரம் கலந்த மீடியத்தால் நிறுத்திவிடுங்கள்.

சரி, இது ஸ்டெம் செல்தானா? தோற்றத்தை மட்டும் நம்பாதீர்கள், இணைப்புத் திசுவின் சாதாரண செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட்டும் இப்படித்தான் இருக்கும். 2006-இல் சர்வதேச செல் சிகிச்சைக் கழகம் சொன்ன அளவுகோலின்படி பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர வேண்டும். செல்லின் மேற்பரப்புப் புரதக் குறிகளில் சிடி73, சிடி90, சிடி105 மூன்றும் 95 சதவீத செல்களுக்குக் குறையாமலும், சிடி34, சிடி45 போன்ற ரத்தச் செல் குறிகள் 2 சதவீத செல்களுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் மாற வேண்டும்.

செல் வளர்ப்பைக் கெடுக்கும் நுண்ணிய பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா சாதாரண மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை செய்துதான் ஆக வேண்டும். அதில் தேறியதை இரண்டாம், மூன்றாம் பாசேஜிலேயே (ஒவ்வொரு முறை பிரித்துப் புதிய ஃபிளாஸ்குக்கு மாற்றுவது ஒரு பாசேஜ்), உறையும்போது செல்லைக் காக்கும் 10% டிஎம்எஸ்ஓவில், நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்வித்து, திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். செல்லை உறைய வைக்கும் சிறு குப்பியில் பாசேஜ் எண்ணையும் தேதியையும் எழுத மறக்காதீர்கள்.