விரதப் பத்து நாளும் ஒரு சிறு நோட்டும்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பசியில் நம் குணம் ஒளியாமல் வெளியே வரும். தன்னைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

தலைமாட்டில் ஒரு சிறு நோட்டு வையுங்கள். படுக்குமுன் மூன்றே விஷயம்: எப்போது சுள்ளென்று கோபம் வந்தது, சற்று முன் என்ன நடந்தது, உடம்பில் எங்கே தெரிந்தது. "மாலை 5 மணி, ரோஸ் ஹில் பஸ் நெரிசல், தாடை இறுகியது" என்பதுபோல. "நான் கோபக்காரன்" என்று எழுதாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். தீர்ப்பு எழுதினால் காரணம் மறைந்துவிடும். காலையில் எழுதலாமென்று தள்ளினால் பாதி மறந்துபோகும்.

பத்தாம் நாள் படித்துப் பார்த்து, மூன்று முறையாவது வந்த நேரத்தை வட்டமிடுங்கள். அந்த நேரத்துக்கு ஒரே ஒரு மாற்றம் போதும்: அடுத்த பஸ்ஸில் ஏறுவது, அல்லது பேசுமுன் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது.