பியூப்பில் பிரீமியம்: புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் கவர்னராகவும் (பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்) பியூப்பில் பிரீமியம் பொறுப்பாசிரியராகவும் சேரும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகளின் படிப்புக்காக அரசு பள்ளிகளுக்குத் தரும் கூடுதல் பணம்தான் பியூப்பில் பிரீமியம். ஒவ்வொரு செப்டம்பரிலும் சிலர் இந்தப் பணத்துக்கான தங்கள் பள்ளியின் செலவுத் திட்டத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். பள்ளிகள்தான் வேறு வேறு, தவறுகள் அதே தவறுகள். இந்த ஆண்டும் அப்படித்தான். ரசீது தொலைவது, கூட்டக் குறிப்பு எழுத மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை உங்கள் அலுவலகமே கண்டுபிடித்துவிடும். யாரும் கேள்வி கேட்காமல் வருஷக்கணக்கில் நடக்கும் தவறுகள்தான் எனக்குக் கவலை.

பணத்தைப் பற்றி முதலில் இரண்டு வரி. இந்தத் திட்டம் 2011 ஏப்ரலில் தொடங்கியது. குடும்ப வருமானம் குறைவு என்பதால் கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது இலவச உணவுக்குத் தகுதி பெற்ற ஒவ்வொரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கும், 2025–26இல் பள்ளிக்கு 1,515 பவுண்டு வருகிறது. அப்படி அறுபது பிள்ளைகள் இருந்தால் 90,900 பவுண்டு. சின்னப் பள்ளிக்கு அது பெரிய பணம்.

சாப்பாடுதான் கிடைக்கிறதே, படிவம் எதற்கு?

2014 செப்டம்பர் முதல் ரிசப்ஷன் (முதலாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு), முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச மதிய உணவு. லண்டனில் 2023 செப்டம்பர் முதல் மேயர் தரும் நிதியில் ஆறாம் வகுப்பு வரை அப்படியே. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பிள்ளைக்குச் சாப்பாடு எப்படியும் கிடைத்துவிடுவதால் பெற்றோர் விண்ணப்பிப்பதில்லை. விண்ணப்பித்துத் தகுதி பதிவாகாவிட்டால் பிரீமியம் வராது. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பத்தில், வேலையிலிருந்து கைக்கு வரும் வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்டுக்குள் இருந்தால் பிரீமியத்துக்குத் தகுதி உண்டு. அரசு உதவி பெறும் உரிமை இல்லாத விசாவில் இருக்கும் குடும்பங்களுக்கும் தனி வருமான வரம்போடு வழி இருக்கிறது. இது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் விசாவைக் கவனிக்கும் ஹோம் ஆபீஸுக்குத் தகவல் போய்விடுமோ என்று பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள்.

பள்ளி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறது. ரிசப்ஷனில் சேர்க்க வரும் நாளிலேயே, அந்த அம்மாவின் மொழி பேசும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக்கொடுத்தால் வேலை முடிந்துவிடும். சில கவுன்சில்கள், அதாவது உள்ளாட்சி மன்றங்கள், தகுதியுள்ளவர்களைத் தாமாகவே பதிவு செய்கின்றன. உங்கள் கவுன்சில் அப்படிச் செய்கிறதா என்று கேளுங்கள். அக்டோபர் முதல் வியாழக்கிழமை நடக்கும் பள்ளிக் கணக்கெடுப்பை வைத்துத்தான் பணம் முடிவாகிறது. அதற்குள் பதிவாக வேண்டும்.

மிகவும் பின்தங்கிய பிள்ளையை வகுப்பை விட்டு வெளியே அனுப்புவது

என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். எத்தனை திட்டங்களைப் புரட்டினாலும் பணத்தின் பெரும்பகுதி ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும்: டி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் வகுப்பு உதவியாளர்களின் சம்பளம். உதவியாளரை வைப்பதில் தவறில்லை. அவரிடம் என்ன வேலையை ஒப்படைக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு.

ஒரு பள்ளியில் பார்த்ததைச் சொல்கிறேன். நான்காம் வகுப்புப் பையன், வீட்டில் தமிழ் பேசுபவன், வாசிப்பில் பின்தங்கியிருந்தான். மதியம் அறிவியல் தொடங்கியதும் அவனையும் இன்னும் சிலரையும் தாழ்வாரத்தில் கிடந்த மேஜைக்கு அழைத்துப் போய், உதவியாளர் எழுத்தொலிப் பயிற்சி கொடுப்பார். அந்தப் பருவத்தில் வகுப்பு மின்சுற்று படித்தது. மற்றப் பிள்ளைகள் பேட்டரியையும் கம்பியையும் இணைத்துப் பல்பு எரிய வைத்தார்கள். எதில் மின்சாரம் பாயும், எதில் பாயாது என்று சோதித்தார்கள். இவன் திரும்பி வரும்போது மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பருவ முடிவில் வாசிப்புத் தேர்வுக்கு வந்த பத்தி மின்சாரத்தைப் பற்றியது. எழுத்துக்கூட்டி எல்லாச் சொல்லையும் வாசித்துவிட்டான். பொருள்தான் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வாசிப்புக்காக அறிவியலை எடுத்துவிட்டார்கள், அறிவியல் இல்லாததால் வாசிப்பும் போயிற்று.

அந்த உதவியாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அன்பானவர், பொறுமைசாலி. இந்த வாரம் வகுப்பில் எந்தக் கதை வாசிக்கிறார்கள் என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? பிள்ளைகள் உள்ளே வரும் நேரத்திலிருந்து வெளியே போகும் நேரம் வரைதான் அவருக்குச் சம்பளம். ஆசிரியரோடு உட்கார்ந்து பேச ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. லண்டனில் நம் பெண்கள் பலர் இந்த வேலைதான் பார்க்கிறார்கள். குறைந்த சம்பளத்தில், பயிற்சியும் கொடுக்காமல், பள்ளியின் மிகக் கடினமான கற்பித்தல் வேலையை அவர்கள் தலையில் கட்டுவது அவர்களுக்கும் அநியாயம், பிள்ளைகளுக்கும் அநியாயம்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. பேராசிரியர் பீட்டர் பிளாட்ச்ஃபோர்ட் தலைமையில் நடந்து 2009இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்று, உதவியாளரின் துணை அதிகமாகக் கிடைத்த பிள்ளைகள் அதே நிலையில் இருந்த மற்றவர்களைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள் என்று காட்டியது. ஆசிரியரோடு இருக்கும் நேரத்துக்கு மேல் அது கூடுதலாகக் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகத்தான் கிடைத்தது. அதே உதவியாளர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்து, தெளிவான பாடத்திட்டத்தோடு, குறிப்பிட்ட காலத்துக்கு நடத்தச் சொன்னால் நல்ல பலன் வருகிறது என்பதையும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரிசப்ஷன் பிள்ளைகளின் பேச்சுமொழிக்காக இருபது வாரம் நடத்தப்படும் நஃபீல்டு திட்டம் அப்படி ஒன்று.

சரி, என்ன செய்யலாம்? மிகவும் தடுமாறும் குழுவோடு ஆசிரியரே உட்காரட்டும். அந்த நேரம் உதவியாளர் மற்ற மேஜைகளைச் சுற்றி வரட்டும். இதற்குக் காசே தேவையில்லை, கால அட்டவணையை மாற்றினால் போதும். பிரீமியம் பணத்தில் உதவியாளருக்குக் காலையில் இருபது நிமிடம் கூடுதல் சம்பளம் கொடுத்து, ஆசிரியரோடு அன்றைய பாடத்தைப் பேச வையுங்கள். பயிற்சிக்குச் செலவு செய்யுங்கள். பிள்ளையை வெளியே அழைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், எந்தப் பாடம் போகிறது, எந்தத் தேதியில் இது முடியும் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கவர்னர் என்றால் ஒரு பிள்ளையின் ஒரு வாரத்தை முழுக்கக் கேளுங்கள்: யார் சொல்லிக்கொடுத்தார், எவ்வளவு நேரம், அப்போது வகுப்பில் என்ன நடந்தது. பதில் வர நேரமானால் தவறு எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஏழைப் பிள்ளை என்றால் படிப்பில் மெதுவான பிள்ளை

இல்லை. தகுதிப் பட்டியலில் இருப்பது வருமானம்தான், திறமை இல்லை. கணக்கில் வகுப்பிலேயே முதலாக நிற்கும் சிறுமி அந்தப் பட்டியலில் இருப்பாள். அவளுக்கு உதவி தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள், ஆறாம் வகுப்பு முடிவதற்குள் நடுவில் வந்து நிற்பாள். அவளுக்கும் இந்தப் பணம் வந்திருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள் என்பதற்காக வறுமைப் பட்டியலில் மனசுக்குள் சேர்ப்பதும் இதே ரகம். அது வேறு தேவை, அதற்கான கவனிப்பும் வேறு.

டேப்லெட்

எந்தப் பாடத்தில், யார், எப்படிப் பயன்படுத்துவார் என்று எழுதித் தர ஆள் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

“என் பிள்ளையின் 1,515 எங்கே?”

அது பிள்ளைக்குப் பிள்ளை எண்ணிக் கொடுக்கும் பணம் இல்லை, பள்ளிக்கு வரும் பணம். நல்ல ஆசிரியர் பயிற்சிக்குச் செலவழித்தாலும் சரியான செலவே.

வராத பிள்ளைக்கு மிரட்டல் கடிதம்

ஒரு குடும்பத்தைக் கவுன்சில் தற்காலிக வீடு என்று வெகுதூரம் மாற்றிவிட்டது. இரண்டு பஸ் மாறி வர வேண்டும். லண்டன் பஸ்ஸில் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை, கூட வரும் அம்மாவுக்கு உண்டு. வாரக் கடைசியில் கையில் காசு தீர்ந்துவிட்டால் பிள்ளையும் வராது. பள்ளி வருகைக் கடிதம் மேல் கடிதமாக அனுப்பிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் போன் செய்து கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. அம்மாவின் பஸ் செலவைப் பிரீமியத்திலிருந்து கொடுத்தார்கள், வருகை சரியானது. காலை உணவுக் கிளப் வைத்திருக்கும் பள்ளிகளும் பதிவேட்டைப் பாருங்கள். வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் நிரம்பியிருப்பார்கள், யாருக்காகத் தொடங்கினீர்களோ அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒவ்வொருவராக அழைப்புப் போக வேண்டும்.

டிசம்பர் 31

பள்ளியின் இணையதளத்தில் திட்ட அறிக்கையைப் போட வேண்டிய கடைசித் தேதி. போன வருஷத்து அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். படிக்க அரை மணி நேரம்கூட ஆகாது.