முந்திரிப்பழத்துல எத்தனால் எடுக்கிறது எப்படி? (ப்ராஜெக்ட் பண்ற பசங்களுக்கு)

பண்ருட்டி பக்கம் சீசன்ல முந்திரித் தோப்புக்குள்ள போனா கொட்டைய திருகிட்டு வீசின பழம் மரத்தடியில குவிஞ்சு கிடக்கும், வெயில் ஏற ஏற புளிச்ச வாடை தூக்கும். காசு கொடுக்காம கிடைக்கிற சர்க்கரை அது. கோவாவுல இதே பழத்துலதான் ஃபெனிங்கிற சாராயம் காய்ச்சுறாங்க, நாம அதுல இருக்கிற ஆல்கஹால, அதாவது எத்தனால, எரிபொருளா எடுக்கப் போறோம்.

அதுக்கு முன்னாடி சட்டம். 1937ம் வருஷத்து தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி அனுமதி இல்லாம காய்ச்சினா மட்டுமில்ல, ஊறல் (காய்ச்சறதுக்காக புளிக்க வைக்கிற கலவை) போட்டு வச்சிருந்தாலே கேஸ்தான், வண்டிக்கு ஊத்தத்தான் சார்னு சொன்னா விட்ருவாங்கன்னு நினைக்காதீங்க. அதனால வீட்டு கொல்லைப்பக்கம் வேண்டாம், காலேஜ் லேப்லதான், அதுவும் எச்ஓடி (துறைத் தலைவர்) மூலமா முறையா பர்மிஷன் வாங்கிட்டு.

அன்னைக்கு விழுந்த பழமா பொறுக்குங்க, மறுநாள் தாங்காது. கழுவி, பிழிஞ்சு, துணியில வடிகட்டுங்க. சும்மா ஒரு வாய் குடிச்சுப் பாத்தா தொண்டைய கரகரன்னு பிடிக்கும், அதான் டேனின்ங்கிற துவர்ப்புப் பொருள், அத எடுத்துட்டா நல்லது. லிட்டருக்கு 5 கிராம் ஜவ்வரிசி மாவ கொஞ்சம் தண்ணியில கஞ்சியா காய்ச்சி ஆறவச்சு ஊத்தி கலக்கி ராத்திரி முழுக்க ஆடாம வச்சிருங்க. காலையில டேனின் எல்லாம் திப்பி திப்பியா அடியில இறங்கி மேல தெளிஞ்சு நிக்கும், அத மட்டும் ட்யூப் வச்சு இழுத்துக்கோங்க.

தெளிஞ்ச ஜூஸ 70 டிகிரில பத்து நிமிஷம் வச்சு 30க்கு ஆறவிட்டு, லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு கிராம் பேக்கரி ஈஸ்ட்ட வெதுவெதுப்பான தண்ணியில ஊறவச்சு சேருங்க. மூடியில ஒரு ட்யூப் சொருகி அடுத்த முனைய தண்ணிக்குள்ள விடுங்க, காத்து வெளிய போகணும் உள்ள வரக்கூடாது, டைட்டா மூடி வச்சா வெடிச்சிரும். குமிழி வர்றது ரெண்டு மூணு நாள்ல அடங்கும். ஹைட்ரோமீட்டர்ல (திரவத்தோட அடர்த்திய அளக்கிற கருவி) ஆரம்பத்துல 1.045 வாக்குல காட்டினது 1.000 கிட்ட வந்துட்டா முடிஞ்சது, அதுக்கு மேல வச்சா வினிகர் ஆயிரும்.

கணக்க பாத்துக்கோங்க. 100 கிலோ பழத்துல சுமாரா 60 லிட்டர் ஜூஸ், அதுல பத்து சதவீதம் சர்க்கரைன்னா 6 கிலோ. ஒரு கிலோ சர்க்கரைக்கு தியரில 0.65 லிட்டர் எத்தனால், ஆக 3.9, கையில வர்றது மூணேகால் கிடைச்சா பெரிய விஷயம். அந்த மூணேகால்ல இருக்கிற எனர்ஜி 70 மெகாஜூல் வாக்குல, ஆனா காய்ச்சி வடிக்கிறதுக்கு 60 லிட்டர 30ல இருந்து 95 டிகிரிக்கு சூடாக்கவே 16 மெகாஜூல் போயிருது, அப்புறம் ஆவியாக்குறதுக்கு தனி. ஆல்கஹால் உண்டாக்குறது ஈஸ்ட்டோட வேலை, அது ஈஸி, தண்ணிய பிரிக்கிறதுலதான் செலவு மொத்தமும் இருக்கு. ரிப்போர்ட்ல பாதி பக்கம் இதுக்கே ஒதுக்குங்க, நிறைய பேர் இந்த இடத்த தாண்டி ஓடிருவாங்க.

புளிச்ச ஜூஸ காய்ச்சி வடிக்கும்போது ஃப்ளாஸ்க்ல பாதிக்கு மேல ஊத்தாதீங்க, நுரை ஏறும். ஹீட்டிங் மேன்டில் (ஃப்ளாஸ்க்க உக்கார வச்சு சூடாக்குற கரண்ட் அடுப்பு) போதும், பர்னர் வேண்டவே வேண்டாம், எத்தனால் நெருப்பு பகல் வெளிச்சத்துல கண்ணுக்கே சரியா தெரியாது. உயரமான ஃப்ராக்ஷனேட்டிங் காலம் (column, ஆவி ஏறும்போதே தண்ணிய பிரிக்கிற செங்குத்துக் குழாய்) வச்சு, மேல இருக்கிற தெர்மாமீட்டர் 78, 79ல நிக்கிற மாதிரி மெதுவா சொட்டவிடுங்க. ஏறி 90 தாண்டுச்சுன்னா வர்றது பாதிக்குப் பாதி தண்ணி. முதல் தடவை வடிச்சத மறுபடி வடிச்சா 90 சதவீதம் தாண்டும். ஆனா எத்தனை தடவை வடிச்சாலும் எடையில 95.6க்கு மேல ஏறவே ஏறாது, அந்த அளவுல எத்தனாலும் தண்ணியும் சேர்ந்தே கொதிக்கும். மிச்சத் தண்ணிக்கு 3ஏ மாலிக்யுலர் சீவ் மணிய (நுண்துளை உள்ள, தண்ணிய உறிஞ்சுற மணி) நல்லா சூடாக்கி காயவச்சு ஆறினதும் போட்டு ஒரு நாள் மூடி வைங்க. அதோட துளைக்குள்ள தண்ணி நுழையும், எத்தனால் நுழையாது.

வந்தத ஸ்பிரிட் அடுப்புல எரிச்சுப் பாருங்க, பைக்ல ஊத்திப் பாக்காதீங்க. குடிக்கவும் வேண்டாம், லேப் கண்ணாடியில முன்னாடி என்ன கெமிக்கல் இருந்துச்சோ யாருக்குத் தெரியும். கடைசியா ஃப்ளாஸ்க்ல நிக்கிற கழிவுத் தண்ணி புளிப்பா இருக்கும், அப்படியே சிங்க்ல கொட்டாம ஆறவச்சு சுண்ணாம்பு போட்டு சமப்படுத்திக் கொட்டுங்க, பக்கத்துல சாண எரிவாயு கலன் இருந்தா அதுக்கு கொஞ்சம் கொஞ்சமா ஊத்துறது இன்னும் நல்லது.